1972 பிப்ரவரியில் வெடித்தது எந்தப் போரின் கண்ணிவெடி?

படைவீரர்களின் காயப் பதிவுகளையும் ஊன ஓய்வூதியத்தையும் தீர்மானிக்கும் பொறுப்பில் உள்ள பாதுகாப்புத் துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் வசிக்கும் 75 வயது முன்னாள் படைவீரன். 1968-இல் தரைப்படையின் பொறியாளர் பிரிவில் சாப்பராக (அப்பிரிவின் சாதாரண வீரராக) சேர்ந்து, 1985-இல் நாயக்காக ஓய்வு பெற்றேன். பணிக்கால ஓய்வூதியம் மாதந்தோறும் தவறாமல் வருகிறது. அதைப் பற்றி எனக்குக் குறை ஏதும் இல்லை. 1972 பிப்ரவரியில் எனக்கு ஏற்பட்ட காயம் என் பணிப் பதிவேட்டில் ‘பிசிக்கல் கேஷுவால்டி’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அது ‘பேட்டில் கேஷுவால்டி’ என்று திருத்தப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. இதற்காக 2009 முதல் நான்கு மனுக்கள் அனுப்பினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. அந்த இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று முரண்படுவதால்தான் இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

படையில் இல்லாதவர்களுக்காக அந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வீரன் காயமடைந்தால், அவனுடைய யூனிட் பார்ட் டூ ஆர்டர் என்னும் ஆணையில் அதை வெளியிட்டுப் பதிவேட்டில் ஏற்றும். எதிரியாலோ எதிரியின் ஆயுதத்தாலோ போர்ப்பணியில் வந்த காயம் என்றால் ‘பேட்டில் கேஷுவால்டி’. வண்டி கவிழ்ந்தாலும், படியில் வழுக்கினாலும், முகாமில் அடுப்பு வெடித்தாலும் ‘பிசிக்கல் கேஷுவால்டி’. என் இடது தொடைக்குள் இன்றும் கிடக்கும் மூன்று சில்லுகள், பதிவேட்டின்படி அடுப்பு வெடித்த வகையைச் சேர்ந்தவை.

நடந்ததைச் சொல்கிறேன். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது, எங்கள் பிரிவு எல்லைக்கு அப்பால் ஷகர்கட் பகுதியில் இருந்தது. அங்கேதான் பசந்தர் ஆற்றங்கரையில், கண்ணிவெடி வயல்களின் நடுவே பொறியாளர்கள் வழி திறந்துகொடுக்க, நம் டாங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போயின. டாங்கிப்படையின் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் டிசம்பர் 16-ஆம் நாள் வீரமரணம் அடைந்ததும் அந்தப் போரில்தான். மறுநாள் இரவு 8 மணிக்கு மேற்கு முனையில் போர்நிறுத்தம் அமலுக்கு வந்தது. காலாட்படையும் டாங்கிப்படையும் மூச்சு விட்டார்கள். சாப்பர்களுக்கு வேலை அன்றுதான் கூடியது. எதிரி புதைத்தவை, நாங்களே புதைத்தவை, வரைபடத்தில் இருந்தவை, வரைபடத்தில் இல்லாதவை என்று அந்த நிலம் முழுவதும் கண்ணிவெடிகள் கிடந்தன. அவற்றை எடுப்பது மாதக்கணக்கில் நடந்த வேலை.

அந்த வேலையை எங்கள் ஊரில் விளக்குவது எளிதல்ல. வெள்ளை நாடா கட்டிய ஒற்றையடிப் பாதையில் குப்புறப் படுத்து, நீண்ட கம்பியை மண்ணில் சாய்வாக, ஏறக்குறைய 30 பாகை கோணத்தில் மெல்லச் செருகி, எதிலாவது முட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையிலேயே குத்திவிடுவோம். முட்டினால் விரலால் மண்ணை விலக்க வேண்டும். ஒரு நாளில் எத்தனை கெஜம் முன்னேறினோம் என்பதுதான் கணக்கு. அந்தப் பகுதி உழவர்கள் போருக்கு முன் விதைத்துவிட்டுப் போயிருந்த கோதுமை, பிப்ரவரியில் ஆளில்லாமல் பச்சைப் பசேல் என்று நின்றது. அருமையான பயிர். வயல்காட்டில் பிறந்தவன் என்பதால் அதைப் பார்த்து எனக்குப் பொறாமைகூட வந்தது. அந்தப் பச்சைக்குள்தான் இழுகம்பி இருந்தது.

எனக்கு இடப்புறம் சுமார் 15 அடி தூரத்தில் இருந்த தருமபுரிக்காரரின் முழங்கால் அந்தக் கம்பியில் பட்டது. குதித்தெழுந்து வெடிக்கும் வகைக் கண்ணிவெடி அது. அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. நான் படுத்திருந்ததால் பிழைத்தேன். இடது தொடையிலும் இடுப்பிலும் சில்லுகள் ஏறின. இடது காதின் செவிப்பறை கிழிந்தது. ஐந்து வாரம் படை மருத்துவமனையில் இருந்தேன். எடுக்கக்கூடிய சில்லுகளை எடுத்தார்கள். எலும்பையும் நரம்பையும் ஒட்டிக் கிடந்தவற்றை, எடுப்பதைவிட விடுவது நல்லது என்று விட்டுவிட்டார்கள். அந்த மருத்துவர் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

இனி முதல் பதிலுக்கு வருகிறேன். 2011-இல் வந்த அக்கடிதம், போர் 1971 டிசம்பர் 17-இல் முடிந்துவிட்டது, காயம் 1972 பிப்ரவரியில் நேர்ந்தது, ஆகவே அது போர்க்காயம் ஆகாது என்று மூன்றே வரியில் முடித்துவிட்டது. ஐயா, என் மார்பில் அரசு குத்திய சங்க்ராம் பதக்கம் இருக்கிறது. 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை அந்தப் பகுதிகளில் பணியில் இருந்தவர்களுக்கு என்று விதி வகுத்து வழங்கப்பட்ட பதக்கம் அது. போர்நிறுத்தத்துக்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல், படைகள் பின்வாங்கி முடியும் வரை, அந்தப் பணி போர்ப்பணியே என்று பதக்கம் கொடுத்த அரசுக்குத் தெரிந்திருந்தது. அதே அரசின் இன்னொரு மேசைக்கு மட்டும் போர் 14 நாளில் முடிந்துபோயிற்று.

பாதுகாப்பு அமைச்சகம் 2001 ஜனவரி 31-ஆம் நாள் வெளியிட்ட ஆணையையும் உங்கள் மேசையில் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். ஊனத்துக்கான காரணங்களை ஆங்கில எழுத்துகளில் ஏ (A) முதல் ஈ (E) வரை ஐந்து வகையாகப் பிரிக்கும் அந்த ஆணை, அயல்நாட்டுப் போரில் எதிரியின் தாக்குதலால் வரும் ஊனத்தை எந்த வகையில் வைக்கிறதோ, அதே ஈ வகையில்தான் கண்ணிவெடி புதைக்கும்போதும் அகற்றும்போதும் வரும் ஊனத்தையும், எல்லையை ஒட்டிய போர்ப்பகுதியில் எதிரியோ நம்மவரோ புதைத்த வெடிகளை எடுக்கையில் தற்செயலாக வெடித்து வரும் ஊனத்தையும் வைக்கிறது. ‘தற்செயல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். என் பதிவேட்டில் என்னைத் தள்ளிவைக்கப் பயன்பட்டதும் அந்தக் கருத்துதான். அந்த ஆணை எனக்குப் பின்னால் வந்தது, அதன் பணப்பயன் எந்தத் தேதியிலிருந்து என்பதற்குத் தனி விதி உண்டு என்று நீங்கள் சொல்லலாம். பணக்கணக்கை நீங்களே பாருங்கள். கண்ணிவெடி அகற்றுவது போர்ப்பணியா இல்லையா என்ற கேள்விக்கு அமைச்சகமே விடை எழுதிவிட்டது என்பதைத்தான் நான் சுட்டுகிறேன்.

இரண்டாவது பதில் 2018-இல் வந்தது. அதில் போர் எப்போது முடிந்தது என்ற பேச்சே இல்லை. காயம் குறித்த மூல மருத்துவ ஆவணங்கள், வைத்திருக்க வேண்டிய காலம் கடந்ததால் அழிக்கப்பட்டுவிட்டன, ஆகவே பரிசீலிக்க இயலாது என்று எழுதியிருந்தார்கள். ஆவணமே இல்லையென்றால், 2011-இல் எந்த ஆவணத்தைப் பார்த்து அது போர்க்காயம் அல்ல என்று முடிவு செய்தார்கள்? இதைக் கேட்டு அனுப்பிய நான்காவது மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.

என்னிடம் ஆவணம் இருக்கிறது. தருமபுரிக்காரர் ஊனமுற்றவராக வீட்டுக்கு அனுப்பப்பட்டு, 2004-இல் காலமானார். அவருடைய மனைவி தன் கணவரின் பதிவேட்டு நகலை எனக்கு அனுப்பித் தந்தார். அதே தேதி, அதே இடம், அதே வெடி. அவருக்கு ‘பேட்டில் கேஷுவால்டி’ என்றிருக்கிறது. கால் போனால் போர், தொடையில் சில்லு தங்கினால் விபத்து என்று எந்த விதியும் சொல்லவில்லை. யாரோ ஒரு எழுத்தர் ஒரு ஆணையில் ஒரு சொல்லும், வேறொரு நாளில் வேறோர் ஆணையில் வேறொரு சொல்லும் எழுதியிருக்கிறார் என்பதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை; அந்த மாதங்களில் அவர்களும் தூங்கியிருக்க மாட்டார்கள்.

மற்றொரு ஆவணம் என் உடம்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதுகுவலிக்காக நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனைக்குப் போனபோது, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். உள்ளே விடும் முன் அங்கிருந்த பெண், “தாத்தா, உடம்புல இரும்பு ஏதாவது உண்டா?” என்று கேட்டார். உண்டு என்றேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, காந்தத்தில் அது நகர்ந்தால் ஆபத்து, இந்த ஸ்கேன் உங்களுக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். 52 ஆண்டுகளுக்குப் பிறகு என் காயத்தை ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அந்தப் பெண்தான். அந்த எக்ஸ்ரே படத்தை இம்மடலுடன் உங்கள் அலுவலகத்துக்கு அனுப்புகிறேன்.

இத்தனை ஆண்டு ஏன் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். 1985-இல் ஓய்வுக்கு முந்தைய மருத்துவக் குழு என் ஊனத்தை 15-19 விழுக்காடு என்று மதிப்பிட்டது. ஊன ஓய்வூதியத்துக்கு 20 வேண்டும். 17 ஆண்டு கழித்து வீட்டுக்குப் போகிறவன் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுவான், நானும் போட்டேன். ஆங்கிலத்தில் என்ன எழுதியிருந்தது என்று படித்துப் பார்க்கவில்லை. ஊருக்கு வந்து, அப்பா விட்டுப் போன கொஞ்ச ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், வெட்கமும் இருந்தது. காலை இழந்தவர் அருகில் இருக்கும்போது தொடையில் சில்லு என்று மனு எழுத மனம் வரவில்லை. 2009-இல் மகன் என் டிஸ்சார்ஜ் புத்தகத்தை வரிவரியாகப் படித்துச் சொன்ன பிறகே எனக்கு விவரம் தெரிந்தது.

விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 20 இருந்தால் அதை 50 என்று உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்ற முறை இப்போது உண்டு. பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பளித்தது. அதாவது 20-க்கு 50, 19-க்குச் சுழியம். ஒரு காது கேட்காததையும், மழைக்காலத்தில் மரம் ஏற முடியாததையும், அந்த ஒரு விழுக்காட்டுத் துல்லியத்தோடு எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் அதே நீதிமன்றம், படையில் சேரும்போது நலமாக இருந்தவனுக்குப் பின்னால் வந்த குறை பணியால் வந்ததே என்று கொள்ள வேண்டும், இல்லை என்று நிறுவும் பொறுப்பு அவனுடையது அல்ல என்றும் சொல்லியிருக்கிறது.

ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். சென்னையில் அதன் கிளை இருக்கிறது. போனவர்கள் பலர் வென்றிருக்கிறார்கள். இரவு ரயிலில் 700 கிலோமீட்டர் போய், வாய்தாவுக்கு வாய்தா திரும்பி வர என் இடுப்பு இடம் தராது. தவிரவும், என் சொந்தப் படைக்கு எதிராக ‘மனுதாரர்’ என்று நிற்க எனக்கு விருப்பம் இல்லை. அப்படி விருப்பமில்லாமல் இருக்கும் கிழவர்கள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன் மட்டும் அல்ல.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7, கொடிநாளன்று எங்களைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துகிறார்கள். ஒலிபெருக்கியில் ‘1971 போரில் காயமடைந்த வீரர்’ என்று என் பெயரைச் சொல்கிறார்கள். ஒலிபெருக்கி என் இடது பக்கம் இருந்தால் எனக்கு அது சரியாகக் கேட்பதில்லை. கைதட்டலைப் பார்த்து எழுந்து நிற்பேன். எங்கள் மாவட்டத்துக்குப் போரை மறக்கும் பழக்கம் இல்லை. 1741-இல் டச்சுக்காரர்களை வென்றதற்குக் குளச்சலில் தூண் நிற்கிறது. எனக்குத் தூண் வேண்டாம்; பதிவேட்டில் ஒரு சொல் போதும்.

ஆகவே நான் கேட்பவை இவை. தருமபுரிக்காரரின் பதிவோடு ஒப்பிட்டு என் பதிவைத் திருத்துங்கள். மறுமதிப்பீட்டுக்கு மருத்துவக் குழு முன் வரச் சொன்னால், அருகில் எங்கே என்றாலும் வருகிறேன். கடந்துபோன ஆண்டுகளுக்கான நிலுவையை நான் கோரவில்லை. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயமுற்றோர்க்கு உரிய பராக்கிரம் பதக்கத்தையும் நான் கோரவில்லை. புதைத்து வைத்த வெடி நேரடித் தாக்குதல் ஆகுமா என்பதில் எனக்கே தெளிவில்லை. திருத்த முடியாது என்றால், 2011-இன் காரணமா, 2018-இன் காரணமா, எது என்பதையாவது ஒரே கடிதத்தில் எழுதுங்கள்.

பதிலைத் தமிழில் அனுப்ப முடிந்தால் நன்று. ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை. கல்லூரியில் படிக்கும் பேத்தி வாசித்துக் காட்டுவாள். எந்தப் பக்கம் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் நாயக், பொறியாளர் பிரிவு,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்