கருவை மிலாருக்கு ஒரு இயந்திரம்

ஆசிரியருக்கு,

சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி எத்தனையோ உத்தரவு வந்தாயிற்று. வெட்டிய பிறகு கிடக்கும் மிலாரை, அதாவது முள்ளோடு கூடிய சின்னக் கிளைகளை, என்ன செய்வது என்றுதான் யாரும் சொல்வதில்லை.

கமுதிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர். அதில் ஒன்றரை ஏக்கர் கருவைக்காடு. போன மாசியில் ஒரு ஏக்கர் வெட்டினேன். தொடை கனமுள்ள கட்டையெல்லாம் கரிமூட்டத்துக்குப் போய்விட்டது. விரல் கனமும் மணிக்கட்டு கனமுமாக முள்ளோடு கிடந்ததை வாங்க ஆளில்லை. ஊரில் எல்லோரும் அதைக் கொளுத்திவிடுவார்கள். நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, டிராக்டரில் பூட்டி ஓட்டும் சிப்பர் (கிளைகளைச் சில்லாக அரைக்கும் இயந்திரம்) ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம். வைக்கோல் போர் போலக் குவிந்து கிடந்த மிலார் சில்லு சில்லாகி ஒரே டிப்பருக்குள் அடங்கிவிட்டது. முழு மிலாராக ஏற்றியிருந்தால் லாரியில் பாதி காற்றுதான் போயிருக்கும்.

ஆனால் பச்சையாகவே அரைத்தது எங்கள் முட்டாள்தனம். பச்சை மரத்தின் எடையில் பாதிக்குப் பக்கம் தண்ணீர். நாலாம் நாள் குவியலை மண்வெட்டியால் கிளறினால் ஆவி கிளம்புகிறது, உள்ளே கை வைக்க முடியவில்லை, புளித்த வாடை வேறு. தரையில் இழுத்து வந்த மிலாரில் ஒட்டியிருந்த மண், அரை நாளில் பிளேடை மழுக்கிவிட்டது. விற்கப் போன இடத்தில் ஈரத்துக்கும் மண்ணுக்கும் கண்ணளவில் கழித்தார்கள். மிச்சம் டீசலுக்கும் வாடகைக்கும் சரியாகப் போனது.

மரத்தூளை அச்சில் அழுத்தி எரிகட்டியாக்கும் பிரிக்கெட் ஆலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "மூணு வாரம் வெயிலில் போட்டிருக்கலாமே மச்சான். சில்லை ஹாமர் மில்லில் தூளாக்கும்போது ஈரம் இருந்தால் சல்லடை அடைச்சுக்கும். பத்து சதவீதத்துக்கு மேலே ஈரம் போனால் அச்சுக்குள்ளேயே ஆவி கிளம்பி கட்டி வெடிச்சிரும்" என்றார். தூள் எவ்வளவு மெலிசோ அவ்வளவு கரண்ட் பில்லாம்.

அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு பயிர்க்கழிவு வில்லைகளை 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021-லேயே கொள்கை வகுத்தது. எங்களிடம் கருவை மட்டுமா இருக்கிறது? அறுவடை முடிந்து காய்ந்து நிற்கும் பருத்திமாரும் மிளகாய்மாரும் வருஷா வருஷம் வயலிலேயே எரிகின்றன. வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுவது போல, ஒன்றியத்துக்கு ஒரு சிப்பரையும் விடலாம். அதோடு பிளேடு தீட்ட ஒரு ஆளும், ஈரம் பார்க்கும் மீட்டரும் இருந்தால் போதும். மீட்டரில் காட்டும் அளவுக்கு விலையைக் கழித்தால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

அரைத்து விற்கலாம் என்று யாரும் கருவையை வளர்க்கக் கிளம்பிவிட வேண்டாம். தூரைத் தோண்டாவிட்டால் அடுத்த மழைக்கே ஆறு கொம்பாகக் கிளம்பும்.

மீதி அரை ஏக்கரை வைகாசியில் வெட்டுகிறேன். மூன்று வாரம் காயவும் போடுவேன். அதற்குள் இயந்திரம் வந்தால் சரி, இல்லாவிட்டால் தீப்பெட்டிதான்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
கமுதி வட்டம், ராமநாதபுரம் மாவட்டம்.