அண்ணன் நினைவுக் கூட்டத்துக்குக் கைகொடுத்த தண்டையார்பேட்டை மக்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் அண்ணனின் நினைவுக் கூட்டம் நல்லபடியாக முடிந்தது. உங்களால்தான்.

அண்ணன் 1987-இல் இந்தியா இலங்கைக்கு அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர், திரும்பி வரவில்லை. கார்கிலில் இறந்தவர் என்றால் ஊரே பேனர் கட்டும். அமைதிப்படை என்றால் நம் பக்கத்தில் பேச்சு அப்படியே நின்றுவிடும். காரணம் தெரியாதவர் யார்? புலிகளோடு அமைதிப்படை போட்ட சண்டையில் அங்கே செத்த நம் சனங்களையும் மறக்க முடியாது, ஏறக்குறைய 1,200 ஜவான்களையும் மறக்க முடியாது. 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு திரிகோணமலையில் கப்பலேறி நம் துறைமுகத்தில்தான் வந்து இறங்கியது. முதலமைச்சராக இருந்த கலைஞர் வரவேற்கப் போகவில்லை. எங்கள் அப்பா மட்டும் ஹார்பர் கேட் வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்தார். அதன்பிறகு வீட்டுக்குள்ளேயே படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தோம். இந்த முறை தெருவில் செய்யலாம் என்று பிடிவாதமாக நின்றது அம்மாதான்.

முதல் நன்றி ஸ்டுடியோ தம்பிக்கு. பூஞ்சை பிடித்து ஒரு காது அழிந்துபோன படத்தை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தார். "மீசைய அடர்த்தியாக்கிடாதப்பா, அவனுக்கு அவ்வளவுதான் மொளைச்சுது" என்று அம்மா சொன்னதை அப்படியே கேட்டார். காசும் வாங்கவில்லை.

எல்லாக் கட்சி வட்டச் செயலாளர்களும் வந்தார்கள், மைக் பிடிக்காமல் கீழே உட்கார்ந்திருந்தார்கள். வடசென்னைக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்!

பேசியவர் ஒருவர்தான்: 1971 போரில் ராணுவ லாரி ஓட்டிய வியாசர்பாடிப் பெரியவர். பரங்கிமலையில் பயிற்சி பெற்று, 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்விட்டு, நாட்டின் மிக உயர்ந்த போர் வீர விருதான பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் பரமேஸ்வரனைப் பற்றிச் சொன்னார். அப்புறம் அம்மாவைப் பார்த்து, "சக்ரா வாங்காதவனும் அதே குண்டைத்தாம்மா வாங்கினான்" என்றார். ஐயா, அம்மா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஈழத்துக்காகப் போராட்டம் என்றால் முதல் ஆளாக நிற்கும் நம் தெருப் பையன்களை எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினோம். அவர்களே வந்து நாற்காலி இறக்கினார்கள். "அனுப்பினவங்க மேலதான் கோபம்ணா, உங்க அண்ணன் மேல இல்ல" என்றான் ஒருவன். தம்பிகளா, உங்களுக்குப் பெரிய நன்றி.

மைக் செட், பந்தல், டீக்கடை, பூக்கடை அக்கா, எல்லோருக்கும் நன்றி. சாப்பாடு வந்த சில்வர் அண்டா இரண்டு எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. யாருடையது என்று தெரியவில்லை, கழுவி வைத்திருக்கிறோம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தம்பியும் குடும்பத்தாரும்