சோகையும் விரிடியும்: ஒரு திருத்தம் கேட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்புச் சோகையில், அதாவது காய்ந்த தோகையில், விரிடி என்ற பூஞ்சையைத் தூவி மண்ணில் மடக்கிவிட்டால், அந்தப் பூஞ்சையே காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துப் பயிருக்குக் கொடுத்துவிடும், யூரியா வேண்டாம் என்று சென்ற வார விவசாயப் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பவை ரைசோபியம், அசோஸ்பைரில்லம் போன்ற பாக்டீரியாக்கள். எந்தப் பூஞ்சைக்கும் அந்த வித்தை தெரியாது. இதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தைப் புரட்டிப் பார்க்க நேரமிருந்திருக்காது.

என் மச்சானுக்கு உங்கள் பத்திரிகைதான் வேதம். போன வருடமும் இதே யோசனையைப் போட்டிருந்தீர்கள். படித்துவிட்டு, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பில் அப்படியே செய்தார். ஒரு மாதத்தில் பயிர் வெளிறி மஞ்சளாக நின்றது. காரணம் எளிது. நூறு கிலோ காய்ந்த சோகையில் கரிமம் ஏறக்குறைய 40 கிலோ, தழைச்சத்து அரைக் கிலோகூட இல்லை. பூஞ்சை நொதிகளைச் சுரந்து சோகையை வெளியிலேயே கரைத்துத்தான் உறிஞ்சும். கிடைத்த கரிமத்தில் பெரும்பகுதியை மூச்சாக விட்டுவிட்டு, மூன்றில் ஒரு பங்கில் உடம்பு வளர்க்கிறது என்று வையுங்கள். அந்த உடம்பில் பத்துப் பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு தழைச்சத்து வேண்டும். அதாவது 1.3 கிலோ. சோகையில் இல்லாத மீதியை எங்கே எடுக்கும்? மண்ணிலிருக்கும் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும் பயிருக்கு முன்னால் தின்றுவிடும். பூஞ்சை செத்து மக்கிய பிறகுதான் அது திரும்பி வரும். அதுவரை கரும்பு பட்டினி. கோவை வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவை மக்க வைக்கும்போது, சிப்பிக்காளான் வித்தோடு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் போடச் சொல்வது சும்மாவா?

நானும் சோகையைக் கொளுத்துகிறவன் அல்ல. யூரியாவைக் குறைக்கச் சொன்னால் கைதட்டுவேன். அதற்காகப் பொய் சொல்ல வேண்டுமா?

இது முதல் தடவையும் இல்லை. முன்பொரு முறை கார்பெண்டாசிமையும் விரிடியையும் ஒரே வாளியில் கலந்து ஊற்றச் சொன்னீர்கள். பூஞ்சையைக் கொல்லும் மருந்தில் பூஞ்சையைக் கலக்கும் அந்த அரிய யோசனைக்கு மறுப்பாக நான் எழுதிய கடிதம் அச்சில் வரவே இல்லை. படைப்புழு பற்றிய கட்டுரைக்கு வேறு ஏதோ புழுவின் படம். முழுப்பக்கமாக இருந்த விவசாயப் பகுதி அரைப்பக்கமாகி, இப்போது நகைக்கடை விளம்பரத்துக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருக்கிறது. ராசிபலன் மட்டும் ஒரு வரி குறையவில்லை. சரி, அதில் தப்பு வந்தால் யாருக்கும் பயிர் போகாது.

வேண்டுவது நாலு வரித் திருத்தம்தான். சோகை மடக்கும்போது கூடவே கொஞ்சம் தழைச்சத்து இட வேண்டும் என்று, அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். மச்சான் அதை மட்டும்தான் நம்புவார்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
பண்ருட்டி வட்டம்.

(சென்ற முறை என் பெயரைத் தப்பாக அச்சடித்தீர்கள். இம்முறை போடவே வேண்டாம்.)