ஜூன் 7-ஆ, ஜூலை 6-ஆ?

சேலம்,
மே 27, 2026

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. ஆனால் "06/07 அன்று ஊருக்கு வருகிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டாயே, அதை வைத்து நானும் அம்மாவும் ஒரு மாலை முழுக்க வாதாடினோம். மாதத்தை முதலில் எழுதும் சிகாகோக்காரன் எழுதியிருந்தால் ஜூன் 7. நாளை முதலில் எழுதும் நம் சேலத்து அஸ்தம்பட்டிக்காரன் எழுதியிருந்தால் ஜூலை 6. எழுதியவன் எவன்?

சிரிக்காதே. தேதியால் சென்ற வாரம் எனக்குப் பெரிய தலைக்குனிவு. ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குள் ஓர் அம்மா நான்கு அறைகள் வைத்து விடுதி நடத்துகிறார். முன்பதிவுப் பக்கம் நான் செய்து கொடுத்தது. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தொலைபேசி. ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம், வயதான பாட்டியோடு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி வந்து வாசலில் நிற்கிறது. அவர்கள் கையில் இருந்த சீட்டில் மே 22. விடுதி அம்மாவின் பதிவேட்டில் மே 23. கோடை விடுமுறை, நான்கு அறையிலும் ஆள். இரு பக்கமும் பொய் இல்லை. பொய் சொன்னது நான் எழுதிய நிரல்.

நடந்தது இதுதான். அவர்கள் தேர்ந்தெடுத்தது 23. நான் அதை "23-ஆம் தேதி நள்ளிரவு 12 மணி" என்று ஆக்கி, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்திருந்தேன். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுவதால், சேமிப்பில் அது 22-ஆம் தேதி மாலை 6:30 ஆகிவிட்டது. விடுதி அம்மாவின் திரை அதைத் திரும்ப இந்திய நேரமாக்கி 23 என்று காட்டியது. சீட்டை அச்சிட்ட சர்வர் அப்படியே படித்து, மணியை விட்டுவிட்டு, 22 என்று மட்டும் எழுதியது. மணியையும் சேர்த்து அச்சிட்டிருந்தால் "மாலை 6:30" என்பதைப் பார்த்தாவது யாரேனும் சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இத்தனை ஆண்டு இந்த வேலை செய்தும் எனக்கு உறைக்காதது ஒன்று: பணம் கட்டிய நேரம் ஒரு கணம்; அதை எந்த ஊர் நேரத்துக்கு வேண்டுமானாலும் மாற்றலாம். அறைக்கு வரும் நாள் கணம் அல்ல, வெறும் நாள். அதற்கு மணியும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. இப்போது அதை 2026-05-23 என்று மட்டும் வைக்கிறேன். யாரும் அதைத் தொட்டு மாற்றுவதில்லை. அந்த அம்மா தன் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தாராம். "கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதியவரை இப்படி ஆனதில்லை, தம்பி" என்றார். என்ன பதில் சொல்வது?

அதோடு விடவில்லை. "அது யாரப்பா, ஜூன?" என்றும் கேட்டார். மாதப் பெயரும் கிழமைப் பெயரும் இடத்தை அடைக்கின்றனவே என்று முதல் மூன்று எழுத்தை மட்டும் வெட்டிப் போட்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு அது சரி. நமக்கு ஜூன் என்பதே கணினிக் கணக்கில் நான்கு: ஜ, ஊகாரக் குறி, ன, புள்ளி. வெட்டியதில் புள்ளி போய் "ஜூன" ஆயிற்று. மார்ச் "மார", திங்கள் "திங", ஆகஸ்ட் "ஆகஸ". ஏப்ரலும் அக்டோபரும் அதிர்ஷ்டத்தால் பிழைத்தன. உலக எழுத்துகளுக்குக் கணினி எண் தரும் யூனிகோடு அமைப்பின் மொழித் தரவில் பிப்., செப். என்று தமிழ்ச் சுருக்கங்கள் ஒழுங்காக இருக்கின்றன. நாம் "10:30 காலை" என்று சொல்வதில்லை அல்லவா, பொழுது முன்னால், மணி பின்னால் என்ற வரிசைகூட அதில் இருக்கிறது. எடுத்துப் பயன்படுத்தாதது என் சோம்பல்.

சென்னை அறையில் நீ செய்த கூத்து நினைவிருக்கிறதா? நேரத்தை எப்படி அச்சிடுவது என்று நிரலுக்குச் சொல்லும் குறியில், நிமிடத்துக்குப் பெரிய எம் (M) போடவேண்டிய இடத்தில் மாதத்துக்கான சின்ன எம் (m) போட்டு, மே மாதம் முழுக்க எல்லா நிகழ்ச்சியும் 9:05, 10:05, 11:05 என்றே நடந்தன. ஜூன் 1 அன்று எல்லாம் 06 ஆனபோதுதான் பிடிபட்டது. ஜாவா என்ற நிரல் மொழியில் இதுவே தலைகீழ்: பெரியது மாதம், சின்னது நிமிடம். இணையதளம் செய்ய உதவும் ஜாங்கோவில் நிமிடத்துக்கு எம்மே கிடையாது, ஐ (i). இப்போது நான் ஹியூகோ என்ற இன்னொரு தளக் கருவியில் ஒரு பக்கம் செய்கிறேன். அதில் எழுத்துக் குறியே இல்லை. 2006 ஜனவரி 2, பிற்பகல் 3:04:05 என்ற ஒரே நேரத்தை மாதிரியாக எழுதிக் காட்டவேண்டும். மாதம் 1, நாள் 2, மணி 3, நிமிடம் 4, விநாடி 5, ஆண்டு 6. மாதத்தை முதலில் வைத்து எண்ணும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது மனப்பாடம் ஆகும். நான் ஒவ்வொரு முறையும் விரல் விட்டு எண்ணுகிறேன்.

மலையில் இரண்டு நாளாக நல்ல மழை. இங்கே வெயில் குறையவில்லை.

உன் தேதிக்கு வருகிறேன். மாதத்தை எழுத்தில் எழுதி அனுப்பு. ஜூன் என்றால் வீட்டில் அம்மா மல்கோவா வாங்கி வைக்கோலில் பழுக்க வைப்பதாகச் சொல்கிறார். ஜூலை என்றால் மாங்காய் ஊறுகாய்தான்.

அன்புடன்,
ரவி