கோல்ஃபில் டிரைவரை எப்போது எடுப்பது?

ஆசிரியருக்கு,

விளையாட்டுப் பக்கத்தில் கோல்ஃப் என்றாலே எவ்வளவு தூரம் அடித்தார்கள் என்றுதான் எழுதுகிறீர்கள். எந்த கிளப்பை, அதாவது பந்தை அடிக்கும் மட்டையை, எடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். 1999 பிரிட்டிஷ் ஓபனில், ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டி மைதானத்தில், கடைசி ஹோலை (குழியை) 6 முறை அடித்து முடித்தாலே கோப்பை என்ற நிலையில் பிரெஞ்சு வீரர் ழான் வான் டி வெல்ட் மிக அதிக தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரை எடுத்தார், பந்து வலப்பக்கம் எங்கோ போனது, சரி, அப்போதும் தப்பியிருக்கலாம், அடுத்து 2-அயர்ன் என்ற நீண்ட தூர கிளப்பில் கிரீனுக்கே (குழியைச் சுற்றியுள்ள மழித்த புல்தரைக்கே) குறிவைத்தார்; பந்து பார்வையாளர் மாடத்தில் பட்டுத் திரும்பி உயரமான புல்லுக்குள் விழுந்தது, அங்கிருந்து ஓடைக்குள். அந்த ஹோலுக்கு மொத்தம் 7 முறை அடித்ததாகக் கணக்கானது, ஆட்டம் சமநிலையானது. சமநிலையை உடைக்கும் பிளே-ஆஃபில் பால் லாரி வென்றார்.

இரண்டாவது அடியை, குறைந்த தூரம் அடிக்கும் வெட்ஜில் ஓடைக்கு முன்னால் போட்டிருந்தால் போதும். வார இறுதியில் ஆடுகிறவர்களும் தங்களின் மிகச் சிறந்த அடியை நம்பித்தான் கிளப் எடுக்கிறார்கள். வழக்கமாகப் போகும் தூரத்தை வைத்து எடுங்கள். முன்னால் தண்ணீர் இருந்தால் 7-அயர்னுக்குப் பதில் இன்னும் சற்று தூரம் போகும் 6-அயர்ன், குழியைக் காட்டும் கொடி ஓரமாக இருந்தால் கிரீனின் நடுவைக் குறிவையுங்கள்.

ஒரு வாசகர், கோவை