ஜெபத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கடிதப் பகுதியில் ஒரு வாசகர், ஏழைகளைப் பார்த்துக்கொள்வது அரசாங்கத்தின் வேலை, சபையின் வேலை சுவிசேஷம் சொல்வது மட்டும்தான் என்று எழுதியிருந்தார். ‘தரித்திரர் எப்போதும் உங்களிடத்தில் இருக்கிறார்கள்’ என்ற வசனத்தையும் சாட்சிக்கு இழுத்திருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இயேசு சொன்ன அந்த வசனம் பழைய ஏற்பாட்டின் உபாகமம் 15:11-இல் இருந்து வருகிறது. தேசத்தில் எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகையால் உன் கையைத் தாராளமாய்த் திற என்பதுதான் அங்கே உள்ள கட்டளை. இந்த ‘ஆகையால்’ எப்படி நம் காதில் விழாமல் போகிறது என்று எனக்குப் புரியவே இல்லை. அந்த அதிகாரமே கடன்களை விட்டுவிடும் ஏழாம் வருஷத்தைப் பற்றியது. ஏழாம் வருஷம் கிட்டிவிட்டதே, இப்போது கொடுத்தால் திரும்பி வராதே என்று கணக்குப் பார்த்து ஏழைச் சகோதரனுக்குக் கையை மூடாதே என்று இரண்டு வசனம் முன்னால்தான் எச்சரித்திருக்கிறது. மாற்கு 14:7-ஐப் பார்த்தால் இயேசுவே அடுத்த வார்த்தையாக, உங்களுக்கு மனதுண்டாகும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்கிறார். கையைத் திறக்கச் சொன்ன இடத்தை எடுத்துக் கையை மூட வைத்துக்கொண்டோம்.

நான் இதை எழுத ஒரு காரணம் இருக்கிறது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, காணிக்கைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் சபைச் செயலரோடு வாசல் பக்கம் நின்றிருந்தேன். புருஷனை இழந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு சகோதரி வந்தார். வேதாகமத்துக்குள் நாலாக மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார், மின்சாரத்தைத் துண்டிக்கப் போகிறோம் என்ற நோட்டீஸ். மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது, எத்தனை பேரிடம் காட்டினாரோ. செயலர் அதைப் படிக்கக்கூட இல்லை. “ஜெபத்துல வச்சுக்கிறோம் சிஸ்டர்” என்றார். அவரும் “சரிங்க ஐயா” என்று அதே மடிப்பில் மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போனார். செயலரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? பை என் கையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அந்தச் சகோதரி ஆராதனைக்கு வரவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டைத் தேடிப் போனேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து கட்டணத்தைக் கட்டியிருக்கிறார்கள், அதில் ஒருவர்கூடக் கிறிஸ்தவர் இல்லை. யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் சொல்கிறாரே, உடுக்க இல்லாமலும் சாப்பிட இல்லாமலும் நிற்பவரிடம் சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காவிட்டால் பிரயோஜனம் என்ன என்று. எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் நின்றபோது அது என்னிடமே கேட்பதுபோல இருந்தது.

சரி, சுவிசேஷம் முதலில் என்பதற்கு வருவோம். அப்போஸ்தலர் 6-ஐ அந்த வாசகர் எடுத்துக்காட்டலாம், வசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரணை, அதாவது உணவு பங்கிடும் வேலை, செய்வது எங்களுக்குத் தகுதியல்ல என்று அப்போஸ்தலர் சொன்னது உண்மைதான். ஆனால் அதோடு விட்டார்களா? கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் விடப்படுகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்ததும், அதற்கென்றே பரிசுத்த ஆவியும் ஞானமும் நற்சாட்சியும் உள்ள ஏழு பேரை நிறுத்தினார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழு பெயரும் கிரேக்கப் பெயர், அதாவது யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களையே நம்பிப் பொறுப்பைக் கொடுத்ததுபோலத்தான் தெரிகிறது. அப்புறம் ஏழாம் வசனம் என்ன சொல்கிறது? தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை பெருகியது. பந்தியைச் சரிசெய்ததால் பிரசங்கம் குறைந்துபோகவில்லை.

கி.பி. 155 வாக்கில் ஆதிச்சபை எழுத்தாளர் யுஸ்தின், ஞாயிறு காணிக்கை எங்கே போகிறது என்று ரோமப் பேரரசருக்கே எழுதிக் காட்டியிருக்கிறார்: அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து, கிறிஸ்தவத்தை வெறுத்த ஜூலியன் பேரரசர், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவர் அப்படித்தான் அழைப்பார்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அல்லவா போஷிக்கிறார்கள், நமக்கு வெட்கம் என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதினார். பகையாளி கொடுத்த சாட்சி அது. இன்றைக்கு நம் வரவுசெலவுப் புத்தகத்தைப் பார்த்து யாராவது அப்படி எழுத முடியுமா?

வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் சொன்னாரே என்பார்கள். மனதில்லாதவன் என்றுதான் சொன்னார், வழியில்லாதவன் என்று சொல்லவில்லை. மூன்று வசனம் தள்ளி, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதிருங்கள் என்றும் அவரேதான் சொல்கிறார்.

அரசாங்கம் செய்யட்டும், நிச்சயமாகச் செய்ய வேண்டும், அதைக் கேட்பதும் நம் கடமைதான். ஆனால் மத்தேயு 25-இல் நியாயத்தீர்ப்பு நாளில் தண்டனைக்கென்று இடப்பக்கம் நிற்பவர்கள் யாரையும் அடித்ததாகவோ கொள்ளையடித்ததாகவோ எழுதியிருக்கவில்லை. பசியாயிருந்தேன், நீங்கள் போஜனம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான் குற்றச்சாட்டு. இதை வாசித்துவிட்டு எப்படித் தூங்குகிறோம்?

எங்கள் கமிட்டியில் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். காணிக்கையில் ஒரு பங்கை முதலிலேயே தனியாக எடுத்துவைத்து, அதைக் கையாள மூன்று பேரை நியமிக்க வேண்டும், அதில் ஒருவராவது விதவையாக இருக்க வேண்டும், வாங்குகிறவரைப் போட்டோ எடுக்கவே கூடாது. போன முறை ஒலிபெருக்கி விஷயம் பேசியே நேரம் போய்விட்டது. அடுத்த மாதம் மறுபடியும் கூட்டம், மறுபடியும் எழுந்து கேட்பேன். வேறு சபைகளில் இப்படிச் செய்து பார்த்தவர்கள் இருந்தால், எப்படி நடத்துகிறீர்கள் என்று இந்தப் பகுதியில் எழுதுங்கள், கமிட்டியில் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சபைக் கமிட்டி உறுப்பினர்