வாங்குபவரின் கூடைகள்: கவனிக்கவும்

உறவுகளே, நுவரெலியா, வெலிமடைப் பக்கமிருந்து வெளிநாட்டுக்கு மரக்கறி அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். வாங்குபவர் வெறுமையாக அனுப்பிவைக்கும் பிளாஸ்டிக் கூடைகள் திரும்பிப் போக வேண்டியவை. பொருட்களைத் தற்காலிகமாக நாட்டுக்குள் விடுவது பற்றிய சர்வதேச சுங்க உடன்படிக்கையான 1990 இஸ்தான்புல் உடன்படிக்கையின் பி.3 இணைப்பு இப்படியான கூடை, பெலட் (சரக்கு அடுக்கும் தட்டு), கொள்கலன்களைத் தீர்வையில்லாமல் தற்காலிகமாக உள்ளே விடச் சொல்கிறது. திருப்பி அனுப்பக் குறைந்தது 6 மாத அவகாசம் உண்டு. ஆனால் கூடைகளை உள்நாட்டு வேலைக்கு ஒரு தடவைகூடப் பாவிக்கக் கூடாது. ஏற்றுமதிக்கான லீக்ஸ் அடுக்கலாம், தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் கரட் அடுக்கக் கூடாது. லொறி சும்மாதானே போகிறது என்று தயவுசெய்து ஏற்றிவிடாதீர்கள். கூடையிலுள்ள அடையாளத்தை அழிக்கவும் வேண்டாம். அப்புறம், இங்கே என்ன படிவம், என்ன பிணை என்பதைக் கூடைகள் வருமுன்பே உங்கள் சுங்க முகவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.